துணைக்கால்

நான்காவது முறையாக ஷார்ஜா விமான நிலையத்தில்
பெயர் அட்டையோடு நிற்கிறேன்.
சார்ட் பேப்பர் அதேதான்.
பின்பக்கம் போன வருடத்து ஆள்.
புதியவர் லிதுவேனியாக்காரர். விமானம் தாமதம்.
காபி பதினெட்டுத் திர்ஹம், வேண்டாம்.

சகாய ரோஸ்லின், துணைப் பயிற்சியாளர்,
மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அணி.
சகாயம் என்றால் உதவி.
ஞானஸ்நானத் தொட்டியிலேயே
உத்தியோகம் முடிவாகிவிட்டது.

முதல் சீசன் பந்துக்குக் காற்று,
பாட்டிலுக்குத் தண்ணீர், முழங்காலுக்கு ஐஸ்.
அடுத்ததில் மடிக்கணினி தந்தார்கள்.
எதிரணி ஆட்டங்களை இரவெல்லாம் வெட்டி ஒட்டினேன்.
யாருக்கு இடப்பக்கம் திரும்ப வராது,
ஃப்ரீ த்ரோவுக்கு முன் யாருக்கு உதடு துடிக்கும்,
அத்தனையும் அத்துப்படி.
நான் எழுதியதைத் தலைமைப் பயிற்சியாளர் வாசிப்பார்.
வாசித்து முடித்ததும் அது அவருடையது.
குறையில்லை. சம்பளம் அதற்குத்தான்.
விசாவில் நான் நூலக உதவியாளர்.
அங்கேயும் பாருங்கள்.

ஆட்டம் நடக்கையில் பெஞ்சிலிருந்து
ஒருவர்தான் எழுந்து நிற்கலாம் என்பது விதி.
ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன்.
கத்த வேண்டியதையெல்லாம்
பக்கத்துக் காதில் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து
மகள் நோட்டைக் காட்டினாள்.
"இதுக்கு என்னம்மா சத்தம்?"
துணைக்கால்.
தனியாக அதற்குச் சத்தமில்லை,
முன்னால் நிற்பதைக் கொஞ்சம் நீட்டும்.
"எடுத்துட்டா?"
பாடம் படமாயிடும். போய்ச் சாப்பிடு.

மறுநாள் பயிற்சியில் ஷம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்:
ஒரு கால் ஊன்றியபடியே இருக்கட்டும்,
மற்றது எங்கு வேண்டுமானாலும் தேடட்டும்.
ஊன்றிய காலைத் தூக்கினால் விசில்.

பிறகு அல் ஐன். அரையிறுதி.
வாசலில் பலகை: ஆண்களுக்கு அனுமதி இல்லை.
ஸ்வோனிமிர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
வேனில் ஏ.சி. போட்டு உட்கார்ந்துகொண்டார்.
எங்கள் கைபேசிகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்
வாங்கி வைத்துவிட்டார்கள்.
அதற்குள் கிடந்து பதினான்கு முறை
அவர் அதிர்ந்திருக்கிறார்.

உள்ளே பிள்ளைகள் ஷேலாவை மடித்து வைத்தார்கள்.
கேமரா கிடையாது.
அந்த ஆட்டம் எந்த மடிக்கணினியிலும் இல்லை.

ஸ்கோர் தாளில் பயிற்சியாளர் என்ற கட்டம்.
பேனா முதலில் எழுதவில்லை,
உதறி எழுதினேன்.
பந்து மேலே போனதும் எழுந்தேன்.
தொடை மரத்துப்போயிருந்தது.

ஏழு புள்ளி பின்னால் இருக்கையில்
ரீமை உட்காரவைத்தேன்.
டீனுடைய அண்ணன் மகள்,
அவளை யாரும் உட்காரவைத்ததில்லை.
ஹனூஃப் போனாள், ஆண்டு முழுக்கத்
துண்டு மடித்துக்கொண்டிருந்த ஹனூஃப்.
அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.
என் கையை நான் பாக்கெட்டில் வைத்திருந்தேன்.

நான்கு புள்ளியில் வென்றோம்.
வேனில் ஸ்வோனிமிர் கேட்டார்:
"நான் சொன்ன ஸோன் வேலை செய்ததா?"
தலையாட்டினேன்.
குரல் கட்டிப்போனது ஒரு வசதி.

இறுதி ஆட்டத்தில் ஆண்களுக்கு அனுமதி இருந்தது.
பத்தொன்பது புள்ளியில் தோற்றோம்.

அவர் போனதும் விண்ணப்பித்தேன்.
டீன் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
"உங்களை மேலே போட்டுவிட்டால்
துணைக்கு யார் இருக்கிறார்கள்?"
நல்ல பழம். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவு திறக்கிறது.
நெட்டையாக ஒருவர், தள்ளுவண்டியில் மூன்று பெட்டி.
அட்டையை உயர்த்துகிறேன்.
கைகுலுக்கும் முன்பே குனிந்து பார்த்து,
"ஒரு எழுத்து குறைகிறது" என்கிறார்.

பார்க்கிங் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.
"நடங்கள்" என்கிறேன்.