தாச்சி

ஸ்கார்பரோவிலிருந்து வந்த பெட்டிக்குள்
தாரா முட்டைபோலக் கறுப்பாய் ஒரு யந்திரம்.
கூடவே கிருபானந்தனின் குரல்பதிவு:
"அண்ணி, இனி எண்ணெயே தேவையில்லை.
அண்ணனுடைய நெஞ்சுக்கு."

நூற்றுப்பத்து வோல்ற் குடித்து வளர்ந்த பிள்ளை அது.
எங்கள் சுவரிலோ இருநூற்று முப்பது.
கடைத்தெருவில் ட்ரான்ஸ்போமர் வாங்கினேன்,
யந்திரத்தைவிடப் பாரம்,
யந்திரத்தைவிட இரைச்சல்.
உட்துறைமுகத்துக் கோதுமைக் கப்பலொன்று
குசினிக்குள் வந்து நங்கூரமிட்டதுபோல்
ஓயாத முனகல்.

முதல் நாள் அது நானூறு என்று காட்டியது.
"வீடு எரியப்போகுது!"
வாமதேவன் படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போய்விட்டார்.
பரனைற், அது அங்கத்தைச் சூடு, என்று கத்தினேன்.
கேட்கவில்லை.
ஒழுங்கையில் அவரும்
கோட்டைப் பக்கமிருந்து மேய வந்த மானொன்றும்
ஒரே முகத்தோடு
எங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தோல்விகளை ஒளிப்பானேன்.
பொன்னாங்காணி போட்டேன்,
இலைகள் காற்றில் எழும்பிச் சூட்டுச்சுருளில் ஒட்டிக் கரிந்தன.
கத்தரிக்காய்க்கு எண்ணெயே காட்டவில்லை,
செருப்புத்தோல் வந்தது.
அவர் ஒரு துண்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு
"ஆசுப்பத்திரிக் கறி" என்றார்.
பதினொரு நாள் அங்கே கிடந்தவர்.
அவருக்குத் தெரியாததா.

மெல்ல மெல்ல அதன் குணம் பிடிபட்டது.
ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் வேண்டும்,
கிருபா சொன்னது பொய்;
அதையும் ஊற்றக்கூடாது, பிசறவேண்டும்,
ஒவ்வொரு துண்டின் முதுகையும் விரல் தொட.
வெண்டிக்காயைத் துடைத்து
ஃபானின் கீழே பரப்பிவிடவேண்டும்.
கூடையில் குவித்தாலோ
கந்தளாய் பஸ்ஸில் சனம்போல
எல்லாம் வேர்க்கும், ஒன்றும் மொறுமொறுக்காது.
ஈரப்பலாக்காய்க்கு இடித்த பெருஞ்சீரகம்.
கறித்தூள் பாதி வேக்காட்டில்,
முன்னமே போட்டால் கருகிக் கசக்கும்.
தேசிக்காய் கடைசியில்.
எதுவானாலும் தேசிக்காய் கடைசியில்.

அந்தச் சனிக்கிழமை பாவற்காய்.
மெல்லிய வளையங்கள், உப்பும் மஞ்சளும்,
அரை மணித்தியாலம் அழவிட்டுப் பிழிந்து
பதினாறு நிமிடம்,
இடையில் இரண்டு குலுக்கு.
ஓரம் சுருண்டு செம்மண் நிறத்தில்
கூடைக்குள் கிலுகிலுத்தன.
சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி,
முதற்பால் இரண்டே கரண்டி, அளந்துதான்.
அவர் கோப்பையின் முன் இருந்தபிறகே கலந்தேன்,
மொறுமொறுப்புச் சாகமுன்.

ஒரு வாய் வைத்தார்.
நிறுத்தினார்.
குசினிப் பக்கம் பார்த்தார்.
யாருமில்லாத வீட்டில்
குரலைத் தணித்துக் கேட்டார்:
"தாச்சி வச்சுப் பொரிச்சனீர், என்ன?"

அந்த முனகலுக்குப் பின்னால் ஒளித்து
நான் களவாய் எண்ணெய் கொதிக்கவைத்ததாய்
அவருக்கு ஒரு கணக்கு.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
மாத்திரை நேரம், இரத்த அளவு, கிளினிக் திகதி,
எல்லாம் ஏழு மாதமாய்
உரத்துத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம்.
அவர் என்னோடு குசுகுசுத்தது
இதுதான் முதல்தரம்.

"ஒருநாளைக்குப் பரவாயில்லை"
என்று தனக்கே தீர்ப்பெழுதி
மூன்றாம்முறை போட்டுக்கொண்டார்.
நெற்றி வேர்த்தது. உறைப்பாம்.
"டொக்டருக்குச் சொல்லிப்போடாதையும்."

சொல்லமாட்டேன்.

தோலையும் விதையையும் படலையில் கொட்டினேன்.
மான் முகர்ந்துவிட்டு
பாவற்காய் என்று கண்டதும்
முந்தாநாள் ஈரப்பலாத் தோலைத் தேடிப் போனது.

இப்போது சனிக்கிழமைகளில்
ஒரு வேலை கூடிவிட்டது:
அடுப்பே காணாத தாச்சியை எடுத்து
நன்றாய் நனைத்து
அவர் கண்படும் இடத்தில்
கவிழ்த்து வைக்கிறேன்,
தண்ணீர் சொட்ட.