டேப் சுற்றிய பந்து

மஞ்சள் பந்தின் நடுவயிற்றில்
கறுப்பு டேப் ஒரு சுற்று.
எலக்ட்ரிகல் கடையில் பத்து ரூபாய்.
சரியாகச் சுழன்று வந்தால்
கோடு கோடாகவே நிற்கும்.
தப்பினால்
பந்து முழுக்கக் கறுப்பு தெறிக்கும்.

முக்கூடல் பள்ளி மைதானத்தில்
உடைமுள்ளை வெட்டி, நாற்பதடி அளந்து
சுண்ணாம்பு போட்டிருக்கிறோம்.
ஆனிக் காற்று மலையிலிருந்து இறங்கி
முதலில் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போகும்,
பிறகு என் விசில் சத்தத்தை.

"கையைச் சுத்துறது வேகத்துக்கு.
பந்தைச் சுத்துறது விரலு."
நூறு தடவை சொல்லியாயிற்று.
ரிஸ்வானா தோளால் வீசுகிறாள்.
முத்துப்பிரபா முழங்கையை இடுப்பில் இடித்துக்கொண்டு
என்னை முறைக்கிறாள்.
மல்லாந்து படுத்து வானத்துக்குச் சுண்டச் சொன்னேன்,
இரண்டு பேர் மூக்கில் வாங்கினார்கள்.
பயிற்சி முகாமில் எனக்குச் சொன்னதையே சொன்னேன்:
கதவுக் குமிழைத் திருகுவது மாதிரி.
"எங்க வீட்டுக் கதவுக்குக் கொண்டிதான் டீச்சர்."

எட்டாம் வகுப்பு ஆவுடைச்செல்வி
எதுவும் கேட்பதில்லை.
அன்று அவள் கை ஒரு வட்டம் அடித்து
தொடையருகே வந்தபோது
நூல் அறுவது போல் ஒரு சின்னச் சத்தம்.
கோடு அசையவில்லை.
நாற்பதடியும் அசையவில்லை.
தட்டுக்கு ஒரு சாண் முன்னால் பந்து
ஏதோ ஞாபகம் வந்தது போல்
கீழே விழுந்தது.

"ஏளா, இன்னொண்ணு போடு."
ஜெபஸ்லின் கையுறையை மண்ணோடு வைத்தாள்.
மறுபடியும் கோடு.
மறுபடியும்.

பல்கலைக்கழக அணிக்கு மூன்று வருஷம் வீசினேன்.
என் பந்து ஒருநாளும் விழுந்ததில்லை.
நேராகப் போகும், நேராக அடி வாங்கும்.

"எப்படிளா பண்ணுதே?"
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
பந்தை முகர்ந்து பார்த்து
ஜெபஸ்லின்தான் சொன்னாள்:
"டீச்சர், பீடித்தூள் வாடை."

யாரும் சிரிக்கவில்லை.
பதினான்கு பேரில் எத்தனை வீட்டில் தட்டு இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
அவர்களுக்குத் தெரியும்.

கீழே கிடந்த பூவரச இலையை எடுத்துச் சுற்றிக் காட்டினாள்.
பெருவிரல் தள்ள, நடுவிரல் இழுக்க
ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.
"ராத்திரி நான் எரநூறு சுத்துவேன் டீச்சர்.
அம்மைக்குக் கண்ணு எரியும்லா."
அவ்வளவுதான் சொன்னாள்.

ரிஸ்வானா குனிந்து ஓர் இலை எடுத்தாள்.
இத்தனை நாள் தோளுக்குள் ஒளித்து வைத்திருந்த விரல்களை
அப்போதுதான் பார்த்தேன்.
அடுத்த பந்தில் அவள் கோடு
பாதித் தூரம் நின்றது.
கை தட்டினேன்.
தட்டியிருக்கக் கூடாதோ என்னவோ,
தட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பாளையங்கோட்டையில் மாட்ச்.
சோப்பு வாங்கிக் கொடுத்தேன்,
"இது போவாது டீச்சர்" என்றாள்.
வீசுகிறவள் பந்தில் எதையும் பூசக் கூடாது, விதி.
அம்பயர் விரலைக் காட்டச் சொல்வார்.
இது என்னம்மா பூசியிருக்க என்பார்.

கடைசிப் பஸ்ஸில் ஜன்னலோரம்
பந்தை மடியில் வைத்து உருட்டுகிறேன்.
பஸ் குலுக்கலில்
கோடு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.