பதினோராம் அறையின் மீட்டர்

எங்கள் லாட்ஜில் வாரத்துக்கு ஒரு ரீடிங்.
திங்கட்கிழமை காலை ஸ்டூலும் டார்ச்சுமாகப் போய்
இருபத்திரண்டு கதவுகளுக்கு மேலே
இருபத்திரண்டு கறுப்புப் பெட்டிகளை எட்டிப் பார்ப்பேன்.
யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
கொசப்பேட்டையில் என் வீட்டுக்கு
முதல் நூறு யூனிட் சும்மா வருகிறது என்பதை
இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம்.
மால்டாவிலிருந்து, சில்சாரிலிருந்து ரயிலேறி
காட்பாடியில் இறங்கி
ஃபைலை மார்போடு அணைத்து வருகிறவர்களிடம்
நான் முதலில் கேட்பது நோயின் பெயரை அல்ல.
கேஸா, கரண்டா?
கேஸ் என்றால் அஞ்சு கிலோ சிலிண்டர், அறுநூறு ரூபாய்,
மீதியை எடை போட்டுக் காசு தருவோம்.
கரண்டு என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு.
ரெண்டும் சேர்த்துக் கிடையாது.
அது ஹபீபுல்லா பாயின் சட்டம்.

ஷெஃபாலி கணக்குப் போட்டாள்,
கணவனின் டயாலிசிஸ் அட்டைக்குப் பின்பக்கம்.
அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இவ்வளவு.
கொதித்ததும் இறக்கிப் போர்வையில் சுற்றினால் இவ்வளவு.
பருப்பு அவருக்கு ஆகாது, அது மிச்சம்.
காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டணும், அது செலவு.
கேஸ் நாளுக்கு முப்பது.
கரண்டு முப்பத்தாறு.
ஒரு கையும் ஒரு விரலும் காட்டினாள்.
எனக்கு இந்தி அரைகுறை,
அவளுக்குத் தமிழ் ‘தண்ணி’, ‘எவ்ளோ’.
ஆறு ரூபாய் இருவருக்கும் தெரிந்த பாஷை.

சிலிண்டர் எடுத்தாள்.

அது ஏப்ரல். பிறகு மே.
வேலூர் வெயிலை வேலூர்க்காரர்கள் சொல்லக்கூடாது,
பெருமையடிப்பது மாதிரி இருக்கும்.
பகலில் வாங்கிய சூட்டை மலைகள்
ராத்திரி வட்டியோடு திருப்பித் தருகின்றன, அவ்வளவுதான்.
மேல்மாடி அறை, ஒரே ஜன்னல்.
ஃபேன் ஓடினால் தீ பாத்திரத்தை விட்டு
வெளியே நக்கும்.
ஃபேனை நிறுத்தினால்,
நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று
எழுதிக் கொடுக்கப்பட்ட மனிதர்
கட்டிலில் வியர்த்துக் கிடப்பார்.
வியர்த்ததைத் திரும்பக் குடிக்க முடியாது.

இது எந்தக் கணக்கில் வரும்?

செவ்வாய், வியாழன், சனி
அவரை நாலு மணி நேரம் மெஷினில் போடுவார்கள்.
அந்த நாலு மணி நேரத்தில்
ஃபேனை அணைத்துக் கேஸில் எல்லாம் முடிப்பாள்.
மற்ற நாட்களில்?
மீட்டர் சொல்லிவிட்டது.
ஒரே வாரத்தில் பன்னிரண்டு யூனிட் கூடுதல்.
கதவைத் தட்டினேன்.
கட்டிலுக்கு அடியில், புடவை போர்த்தி,
கீழ்மாடி அசாம்காரியின் இண்டக்‌ஷன்.
நான் கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை.
அதாவது, பார்த்தேன். நோட்டில் எழுதவில்லை.

அன்று ராத்திரி என் வீட்டில்
தோசை ஊற்றும்போது ஃபேனை நிறுத்தினேன்.
வீட்டுக்காரர் தலையணையோடு எழுந்து
மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.
சமைக்கிறவளுக்கு மொட்டைமாடி இல்லை.

ஜூன், முதல் திங்கள்.
பதினோராம் அறை.
போன வாரம் 4417.
இந்த வாரம் 4417.
“மீட்டர் ரிப்பேரா இன்னா?” என்றார் பாய்.
மீட்டர் நல்லாத்தான் கீது பாய், என்றேன்.

போன ஞாயிறு ராத்திரி அவரை வார்டில் சேர்த்தார்கள்.
அவள் குளிக்க மட்டும் வந்து போகிறாள்.
தனக்கென்று ஒரு வேளையும் அடுப்பு மூட்டாமல்,
உடம்பு துவட்டும் நேரத்துக்குக் கூட
ஃபேன் போடாமல்.

நோட்டில் பூஜ்யம் எழுதினேன்.
இரண்டாவது சிலிண்டரைத் தூக்கித் தராசில் வைத்தேன்.
காஸு இரண்டு கிலோ சொச்சம்.
அதே மூலையில் திரும்ப வைத்து
ரெகுலேட்டரை மாட்டினேன்,
இறுகியிருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.