பத்தொன்பது நெருப்பு

படிவத்தின் முதல் கேள்வி சுலபம்:
இந்த ஊரில் எத்தனை வீடுகள்?
பாலத்தில் நின்றபோதே
கூரை கூரையாய் எண்ணிவிட்டேன்.
இருபத்தொன்று.

"பத்தொன்பது நெருப்பு" என்றார் உம்பெலினா,
கையில் ஒட்டிய கம்பு மாவை
முன்றானைத் துணியில் துடைத்தபடி.
போர்ச்சுகலின் இந்த வடகிழக்கு மலைமூலையில்
வயதானவர்கள் வீட்டை அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

"இரண்டு குறைகிறதே?"
"மூன்று குறைகிறது. ஒன்று கூடுகிறது."

பள்ளிக்கூடத்தைக் கழித்தார். பிள்ளைகள் இல்லை.
பிரான்சில் சாந்து குழைத்தவர்கள் கட்டியதைக் கழித்தார்:
நீல ஓடு பதித்த முகப்பு,
பொத்தானை அழுத்தினால் இறங்கும் ஜன்னல் மறைப்பு,
ஆகஸ்டில் பதினைந்து நாள் வெளிச்சம்.
"கட்டடம்தான்" என்றார். "நல்ல கட்டடம், பாவம்."

கூட்டியது ஸுல்மீராவின் மாட்டுக்கொட்டிலை.
சொந்தக் கூரை இரண்டு குளிருக்கு முன் சரிந்துவிட்டது.
இப்போது பசுவின் மூச்சில் தூங்குகிறாள்.
ஆனாலும் அவளிடம் எப்போதும்
இரண்டு கிண்ணம் இருக்குமாம்.

மூன்றாவது?
அதன் புகைபோக்கியில் அப்போதும்
புகை எழுந்துகொண்டிருந்தது.
கை நீட்டிக் காட்டினேன்.
உம்பெலினா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடெரீட்டுவின் வீடு.
முப்பத்தொரு வருஷத்துக்கு முன், பனி கொட்டிய இரவில்
எல்லை தாண்டி வந்த ஆட்டுத்தோல் வியாபாரி ஒருவன்
அந்தக் கதவைத் தட்டினான்.
உள்ளே விளக்கு அணைந்தது.
அடுத்த கதவுக்கு அவன் வந்து சேர்ந்தபோது
கால்விரல் இரண்டு கறுத்திருந்தன.
அவ்வளவுதான். சாகவில்லை.
யாரும் அடெரீட்டுவிடம் இதைப் பேசியதுமில்லை.
அன்றிலிருந்து எண்ணும்போது
பதினொன்றுக்கு அடுத்த வீட்டைத் தாண்டிப் பன்னிரண்டு.

சாயங்காலம் பொது அடுப்பு திறந்தது.
உம்பெலினா ஏழு ரொட்டி எடுத்தார்,
சுட்ட கைக்கு ஊதிக்கொண்டே.
வழியில் அடெரீட்டுவின் மதில்மேல்
ஒன்றை வைத்துவிட்டு
நிற்காமல் நடந்தார்.

ஓடிப்போய்க் கேட்டேன்.
"வயிறு வேறு, வீடு வேறு" என்றார்
எரிச்சலாக,
எழுத்தறிந்தவளுக்கு இதுகூடவா என்பதுபோல.

படிவத்தில் இருபத்தொன்று எழுதினேன்.
அடித்தேன்.
மேலதிகாரிக்கு அடித்தல் பிடிக்காது.

நகரத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தில்,
ஆறு மாத வாடகை ஒப்பந்தத்தில் நான் இருக்கும் அறையில்
எத்தனை கிண்ணம் என்று
நினைவுபடுத்திப் பார்த்தேன்.
ஒன்று தெரியும், விளிம்பு உடைந்தது.
இன்னொன்றில்
சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.