ஒளித்த பாதி

வெள்ளிக்கிழமை, அப்பாசியா.
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
சாக்கடைத் தண்ணீர் தேங்கிய சந்தில்
ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு வருகிறோம்.
வாசலில் செருப்பு விடக் கூடாது;
நாற்பது ஜோடியைப் பார்த்தால் வாட்ச்மேன் எண்ணிவிடுவான்.
ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை.
செருப்பைக் கட்டி மடியோரம் வைத்துக்கொண்டு
பாட்டை உதட்டுக்குள்ளேயே பாடுகிறோம்.
ஏசி இரைச்சல்தான் ஆர்மோனியம்.

அப்பம், கீழ்க்கடை அடுப்பில் சுட்ட குப்பூஸ்.
திராட்சை ரசம் கிடைக்காத நாடு;
விம்டோவில் தண்ணீர் கலந்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுகிறான் வர்கீஸ்.
கிரேன் ஓட்டுகிற விரல்கள்
பிட்கும்போது மட்டும் நடுங்கும்.

ஆதியில் சபைக்குக் கோபுரம் இல்லை என்பான்.
மணி இல்லை, பெஞ்சு இல்லை, பேர் கூட இல்லை,
"அந்த வழிக்காரர்கள்" என்று ஊர் சொன்னதுதான் பேர்.
யார் வீட்டில் அடுப்பு எரிந்ததோ அதுவே ஆலயம்.
அடிமைக்குப் பக்கத்தில் எஜமான் உட்கார்ந்தானாம்.
கிருபம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்,
தன் மேடம் இந்தப் பாயில் சம்மணமிடுவதை நினைத்து.

வேலை முடிந்து வந்தவர்களுக்குத்தான் அன்றும் பிரசங்கம்.
பேச்சு நள்ளிரவைத் தாண்ட,
ஜன்னலில் உட்கார்ந்து தூங்கிய பையன்
மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான்.
அதனால்தான் நம் ஜன்னல் சாத்தியிருக்கிறது என்போம்.
காரணம் அதுவல்ல.

எனக்குப் பிடித்தது வேறு.
முதல் சபையின் முதல் சண்டை
சோற்றுக்காகத்தான் வந்தது.
ஒரு பாஷைக்கார விதவைகளுக்குத் தட்டு நிறைந்தது,
இன்னொரு பாஷைக்காரிகளுக்கு விட்டுப்போனது.
பரிசுத்தவான்கள் பந்தியில் முறைத்துக்கொண்டார்கள்.
போன ரம்ஜானில் இங்கேயும் அதேதான்:
அரிசிப் பைகள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் போக
தெலுங்குப் பெண்கள் ஏழு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள்.
பட்டியல் எழுதியவன் நான்.
மறந்துவிட்டேன் என்றேன்.
மறக்கவில்லை. எண்ணவே இல்லை.
அன்றிலிருந்து நோட்டும் அகப்பையும் கிருபம்மா கையில்.

இன்று அதிசயராஜுக்கு வசூல்.
கம்பெனி மூடி நாலு மாதம்,
சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை.
உள்ளதைப் போடுங்கள் என்று பெட்டி வருகிறது;
பெட்டி என்றால் பால்பவுடர் டப்பா.
என்னிடம் உள்ளது நாற்பது தினார், ஓவர்டைம் காசு.
இருபத்தெட்டு போட்டேன்.
"எல்லாம் போட்டாச்சா?" என்றாள் கிருபம்மா, நோட்டில் எழுதியபடி.
ஆச்சு என்றேன்.
பன்னிரண்டு, போன் கவருக்குள்.
மகளுக்கு என்று சொல்லலாம். மகளுக்கு இல்லை.
ஒன்றுக்கும் இல்லை; இருக்கட்டும் என்றுதான்.

அந்த நேரம் பார்த்து எடுத்தான் வர்கீஸ்
நிலத்தை விற்றுப் பாதியை ஒளித்த
புருஷன் பெண்சாதி கதையை.
இவ்வளவுதான் என்றான் அவன், விழுந்தான்.
மூன்று மணி நேரம் கழித்து அவளும்.
வாலிபர்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

நான் பாயைப் பிடித்துக்கொண்டேன்.
கம்ப்ரஸர் ஒருமுறை இருமி நின்றது.
கதவோரம் இருந்த வாலிபர்கள் இருவர் எழுந்தார்கள்,
என்னைத் தாண்டி
ஃபியூஸ் பார்க்கப் போனார்கள்.

யாரும் விழவில்லை.
வியர்வையில் ஜெபம் முடிந்தது.
ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை:
ஒளித்து வைத்த அந்தப் பாதி
பிறகு யார் கைக்குப் போயிற்று?
கதை சொன்னவர்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கலையும்போது பைகளின் குழப்பம்.
அதிசயராஜின் பை எனக்குத் தெரியும்,
இடது குதிகால் தேய்ந்த சேஃப்டி ஷூ.
அதற்குள் ஏழு தினார் வைத்தேன்.

ஐந்து இன்னும் என்னிடம் இருக்கிறது.