7106 என்று முடியும் அட்டை

மே தினத்திலும் எனக்குக் கடை உண்டு,
லாரிக்கு ஏது லீவு.
தேவகோட்டை ரஸ்தாவில் ரயில்வே கேட் போட்டிருந்த நேரம்,
டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி
குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்திருந்தேன்.
சட்டைப் பையில் போன் துடித்தது.

7106 என்று முடியும் அட்டையில்
நூற்றிருபது யுவான் செலவு.
இடம், எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஓர் ஊர்.

ஜெசிந்தா ஷென்யாங்கில் அல்லவா இருக்கிறாள்,
ஹாஸ்டலில், மூன்றாம் வருஷம், மருந்தியல் பரீட்சை.
"அஞ்சு நாளைக்கு போன் எடுக்கலேன்னா தேடாதீங்கப்பா."
அட்டைக்கான பாரத்தில் என் நம்பரை எழுதியதை
அவள் மறந்திருப்பாள்.
நானுமே மறந்திருந்தேன்.

செபாஸ்தி ஜாக்கியைப் போட்டுவிட்டு வந்து
கிரீஸ் விரலால் தேடிச் சொன்னான்:
"ஷியான்ணே. மண்ணுல செஞ்ச பட்டாளமாம், ஆயிரக்கணக்குல.
ஒருத்தன் மூஞ்சி மாதிரி இன்னொருத்தனுக்கு இல்லையாம்."
ஹாஸ்டலிலிருந்து எவ்வளவு தூரம் என்றேன்.
படத்தை இழுத்து இழுத்துப் பார்த்து
"நம்ம ஊர்லேர்ந்து நாக்பூர் தாண்டி."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
கேட் திறந்தது, வண்டிகள் போயின.
அது வருவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது:
நாற்பத்தைந்து யுவான், சைக்கிள் வாடகை.
அந்த ஊர்க் கோட்டைச் சுவரின் மேல்
சுற்றி ஓட்டலாமாம்.

டயர்க் கடைக்காரன் மகள்,
சைக்கிள் பழகாதவள்.
எட்டு வயதில் விழுந்து, முட்டி பெயர்ந்து,
இனி தொட மாட்டேன் என்றவள்.
யார் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்?

மறுநாள் செங்டு. பாண்டா பார்க்க ஐம்பத்தைந்து.
அப்புறம் ஏழு, பன்னிரண்டு, மூன்று.
சாப்பிடுகிறாள்.
மூன்று யுவானுக்கு என்ன கிடைக்கும் என்று
இரவு முழுக்க யோசித்தேன்.

சோங்சிங்கில் ரயில்
அடுக்குமாடி வயிற்றுக்குள் நுழைந்து போகிறதாம்.
இங்கே ஒரு பாசஞ்சருக்கு ஊரே கால் மணி நிற்கிறது.
அங்கே அதை வீட்டுக்குள் விட்டுவிட்டு
மேலே சோறு பொங்குகிறார்கள்.

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.
இரவு போய், விடிந்து, மதியமும் ஆனது.
கையில் பிடித்த நட்டு மரையேறவில்லை.
"என்ன செய்யுறா உங்க மக?" என்றாள் ஆரோக்கியம்.
"படிக்கிறா."
மகள் சொன்ன பொய்தான்;
என் வாயில் இன்னும் சரளமாக வந்தது.

நாலே கால். அவளுக்கு ஆறே முக்கால்.
குயிலின், ஆறு யுவான்.
தண்ணீர் பாட்டிலாக இருக்கும்.
பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.
எழ மனம் வரவில்லை.

செய்தியின் அடியில் இருப்பும் போட்டிருந்தது:
முப்பத்தொன்று.
திரும்ப வர வேண்டுமே, இந்தக் கழுதை!
காரைக்குடி போய், செக்காலை ரோட்டில் டோக்கன் வாங்கி,
பத்தாயிரம் ஏற்றினேன்.
மினி பஸ் ஏறுமுன் போனில் அவள்:
"எதுக்குப்பா திடீர்னு?"
பேனா வாங்கிக்க, என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
கூட்டத்தின் இரைச்சல் மட்டும்.
"சரிப்பா. இங்க லைப்ரரில இருக்கேன்."

ஜூலையில் வந்தாள்.
மூட்டையில் பேரீச்சை, டீத்தூள், அம்மாவுக்கு ஸ்கார்ஃப்.
ஊர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நானும் கேட்கவில்லை.
நாலாம் நாள் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு
கடைக்கு வந்தவள்,
பஞ்சருக்கு வந்து நின்ற யாருடைய சைக்கிளையோ
தள்ளி, காலை வீசி ஏறி,
தண்டவாள மேட்டில் இறங்கும்போது
இரண்டு கையையும் விட்டாள்.

செபாஸ்தி என்னைப் பார்த்தான்.
நான் டியூபைப் பார்த்தேன்.

திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாள்.
யார் சொல்லிக் கொடுத்தா?
"ஹாஸ்டல்ல, ஒரு பிரெண்டு."

முன்சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன்.
காத்து கம்மியா இருக்கு, என்றேன்.
இறங்கு. அடிச்சுத் தாரேன்.