நான்கு மில்லிமீட்டர்

மூன்று வாரத்துக்கு முந்தைய ஈரல் ஒன்று
என் கணினியில் இருக்கிறது.
ஸ்கேன் அறையில் மூச்சடக்கிக் கிடந்தபோது
வைரக்கண்ணு கொடுத்தது.
தோ பாயோக்காரர், டாக்சி ஓட்டுகிறார்.
"படத்துல நல்லா விழுந்திருக்கேனா, தங்கச்சி?"

இன்றைய ஈரல் வேறு.
காற்றடைத்த வயிற்றுக்குள்
தோள் சரிந்து ஒருபக்கம் ஒதுங்கி
ஒவ்வொரு மூச்சுக்கும் நகர்ந்து உட்காருகிறது.

பழையதைப் புதியதன்மேல் போர்த்த வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
திரையில் ஊதா நாளமும் பச்சை நாளமும்
குறுக்கே போகின்றன,
கீழே ஊட்ரம் பார்க் நிலையத்தில்
தடங்கள் போவதுபோல.
நடுவில் மஞ்சளாய்க் கட்டி.
படத்தை விலக்கினால் அங்கே
வழவழப்பு மட்டும்.

"விளிம்பு ஒட்டல," என்கிறார் டாக்டர் குவெக்.
நான்கு மில்லிமீட்டர்.
ஓர் அரிசி நீளம்கூட இல்லை;
ஒரு ரத்தக்குழாய் ஓட அது போதும்.

மயக்க மருத்துவர் ஹஸ்லினா
மூச்சை நிறுத்துகிறார்,
வைரக்கண்ணுவின் மூச்சை.
யாரும் கேட்காமலே
என்னுடையதும் நின்றது.

படம் வந்து படிகிறது
ஈரத்துணி கல்லில் ஒட்டுவதுபோல.
பத்து நொடி.
அதற்குள் குவெக்
ஈரல்மேல் ஒரு கோடு சுட்டு இழுத்துவிட்டார்.

"போதும், படத்தை அணைச்சிடுங்க."

அணைத்தேன்.
பிறகு அவர் கை, அந்த ஈரல்,
கருகிய ஒரு கோடு.
எனக்கு வேலை இல்லை;
போகவும் மனமில்லை.

மாலையில் வார்டில் அரைக்கண் திறந்து
மறுபடி அதே கேள்வி.

"கொஞ்சம் ஆடிட்டீங்க," என்றேன்.